மத்தியானம் மட்டும் மக்கர் செய்த ஏசி

மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வது என் தொழில். இந்தோனேசியாவில், சிடோவார்ஜோ என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. கண்ணாடி, நாற்காலி, பவுடர் டப்பாக்கள் எல்லாம் இருந்தாலும் ஏசி இல்லாமல் அங்கே வேலை நடக்காது. ஜாவா மணப்பெண்ணின் நெற்றியில் கறுப்பு மையால் வளைவு வளைவாக வரைய வேண்டும். ஒரு சொட்டு வியர்வை இறங்கினாலும் மை மூக்குவரை வந்துவிடும்.

அந்த ஜனவரியில், மழை விடாமல் பெய்த வாரத்தில், ஏசி குளிர்வதை நிறுத்தியது. சத்தம் வரும், காற்றும் வரும். ஆனால் அறை அடுப்படி மாதிரிப் புழுங்கும். அன்று திங்கள். சனிக்கிழமை மத்தியானம் ராத்ரி என்ற பெண் அலங்காரத்துக்கு வருவதாக இருந்தது. மாலையில் அவளுக்குக் கல்யாண வரவேற்பு.

என் கணவர் விக்ன்யோ தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் எது கெட்டாலும் முதலில் அவர் கை வைத்தாக வேண்டும். நாற்காலி போட்டு ஏறி, ஏசியின் வலையைக் கழற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்.

"பாரு எண்டாங், இவ்வளவும் உன் பவுடர். இது இன்னும் மூச்சுவிடுறதே பெரிய விஷயம்."

"இனிமே குளிருமா, மாஸ்?" கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"குளிரும். போர்வை எடுத்து வச்சுக்கோ."

மறுநாள் மத்தியானம் போர்வைக்கு வேலை வரவில்லை. கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தார். ரிமோட்டைப் பதினாறுக்கு இறக்கினார். அதற்குக் கீழே எண் இல்லாததால் என்னைப் பார்த்தார்.

"நீ அடிக்கடி கதவைத் திறக்கிற."

"கதவைத் திறக்காம நான் எப்படி வெளிய போறது?"

புதன்கிழமை காலை மெக்கானிக் ஜுமாடி வந்தார். பீப்பாய் போல உடம்பு, கிசுகிசுக்கிற குரல். வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் இருந்த வெளி மெஷினைத் தண்ணீர் அடித்துக் கழுவினார், கேஸ் பார்த்தார். உள்ளே வந்து காற்று வரும் இடத்தில் ஒரு குச்சி வெப்பமானியைச் செருகினார். பன்னிரண்டு டிகிரி.

"இபு, இதுக்கு ஒரு நோயும் இல்ல. எனக்கே குளிருது." எங்கள் ஊரில் இபு என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா.

அவர் போன பிறகு, மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் அறை மறுபடி வெந்தது. வியாழன் காலை திரும்ப வரவழைத்தேன். அப்போதும் பன்னிரண்டு.

"நான் வந்தா ஒழுங்கா இருக்கு, போனா அடம் பிடிக்குது. என்னைக் கண்டா பயமோ என்னமோ" என்றார் ஜுமாடி.

"நாள் பூரா இவ பேசுறதைக் கேட்டா எந்த மெஷினும் சூடாகும், பாக்" என்றார் என் கணவர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு மத்தியானம் வாங்க. அப்ப தெரியும் யார் சூடாகுறாங்கன்னு."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து லுங்கியும் தொப்பியுமாக நேரே வந்தார் ஜுமாடி. வெப்பமானி இருபத்து மூன்று காட்டியது. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பின்கதவு வழியாகச் சந்துக்குப் போனார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

"இபு, கொஞ்சம் இங்க வாங்க. பாக், நீங்களும்."

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து அது. இரண்டு கூரைகளும் சேர்ந்து மூடுவதால் மழை விழாது. அந்தப் பக்கத்து ஜன்னலை என் கண்ணாடி அலமாரி மறைத்திருந்ததால் நாங்கள் எட்டிப் பார்ப்பதும் இல்லை. வெளி மெஷினின் வாயை ஒட்டி நான்கு மூங்கில் தட்டிகள் கயிறு போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. தட்டி நிறைய வட்ட வட்டமாக இறால் வடகம். வெப்பக் காற்று வெளியே போக வழியில்லாமல் மெஷினுக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போது ஐந்தாவது தட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள் பக்கத்து வீட்டு முர்சீனா. வடகம் போட்டுச் சந்தையில் விற்பது அவள் பிழைப்பு. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"பத்து நாளா வெயிலே இல்ல, இபு. எல்லாம் பூசணம் பிடிக்குது. இந்த மெஷின் சும்மா சுவரைப் பாத்து ஊதிட்டு இருந்துச்சு. யாருக்கும் வேண்டாத காத்துதானேன்னு..."

"காலையில ஏன் வைக்கல?" ஜுமாடி போலீஸ்காரர் மாதிரிக் கேட்டார்.

"காலையில நறுக்கவே நேரம் சரியா இருக்கு. மத்தியானம்தான் பரப்புவேன். ரெண்டு மணி நேரத்துல கலகலன்னு காஞ்சிடுது."

ஜுமாடி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சண்டை போட எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் கணவரின் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"மாஸ், இதுவும் என் பவுடரா?"

"இல்ல. இறால்" என்றார் அவர் மெதுவாக.

முர்சீனா அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தாள். ஜுமாடி தடுத்தார். "எடுத்துட்டுப் போக வேண்டாம். ஒரு கை நீளம் தள்ளி, நடுவுல இடைவெளி விட்டு வைங்க. அதுவும் மூச்சு விடட்டும், உங்களுக்கும் காயட்டும்."

அவரும் என் கணவரும் மூங்கில் வெட்டி, நாலு பக்கமும் திறந்த அடுக்கு ஒன்று கட்டினார்கள். அது முடிவதற்குள் உள்ளே வெப்பமானி பதின்மூன்றுக்கு இறங்கிவிட்டது. முர்சீனா ஒரு கூடை வடகம் பொரித்துக் கொண்டுவர, நாலு பேரும் ஏசிக்கு நேர் கீழே நின்று தின்றோம்.

சனிக்கிழமை மத்தியானம் மணப்பெண் ராத்ரிக்கு இரண்டு மணி நேரம் அலங்காரம் நடந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. "கை விறைக்குது, இபு" என்றாள், சால்வை போர்த்திவிட்டேன். முர்சீனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ராத்ரியை ஏற்றிக்கொண்டு கார் போன பிறகும் அவள் நகரவில்லை.

"என் கல்யாணத்துக்கு அத்தைதான் கரித்துண்டால புருவம் வரைஞ்சாங்க. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. போட்டோவுல இன்னைக்கும் அப்படித்தான் முழிக்கிறேன்."

"உக்காருங்க" என்றேன்.

"கையெல்லாம் இறால் நாத்தம், இபு."

"கைக்கு நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

நெற்றி வளைவு முதல் உதட்டுச் சிவப்பு வரை எதையும் குறைக்கவில்லை. அவள் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள். "யாரு இது" என்று மட்டும் கேட்டாள். பிறகு வடகம் திருப்ப வேண்டுமே என்று எழுந்து ஓடினாள்.

சற்று நேரத்தில் அவள் கணவர் சர்க்காவி மழைக்கோட்டோடு சந்தையிலிருந்து வந்தார். சந்தில் ஒரு பெண் தட்டி மீது குனிந்திருப்பது தெரிந்தது. பின்கதவில் நின்ற என்னிடம் கேட்டார்: "இபு, மணப்பொண்ணைப் போயி வடகம் திருப்ப விட்டிருக்கீங்களே?"

முர்சீனா திரும்பிப் பார்த்தாள்.

சர்க்காவி மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஈரத் தலையை இரண்டு கையாலும் படிய வாரிக்கொண்டார். பிறகு போய்த் தட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.