பட்டத்துச் சுத்தியல்

கைவினைஞர் சங்கத் தலைவர் சுத்தியல் பிடித்து யாரும் பார்த்ததில்லை. மைக் பிடித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் சங்கத்தின் புதுக் கட்டடத்தில் பெயர்ப்பலகைக்கு முதல் ஆணியை அவர்தான் அடிக்க வேண்டும், அதுவும் சித்திர வேலை செய்த சுத்தியலால் அடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வேலை பட்டறைக்காரியிடம் வந்தது.

ஆறு வருடமாகச் சுத்தியல் செய்பவள் அவள். இரும்பைக் காய்ச்சி அடிப்பது, பிடிக்குத் துளை போடுவது, அரம் போடுவது, சிற்றுளியால் கொடியும் பூவும் வெட்டுவது எல்லாம் அவள் கைதான். புருஷன் மரப்பிடி மட்டும் போடுவார். ஆனால் சங்க உறுப்பினர் அவர் என்பதால் ஒவ்வொரு சுத்தியலிலும் அவர் முத்திரைதான் விழும். வாங்குகிறவர்கள் அவரைத்தான் பாராட்டுவார்கள். மனுஷன் நெளிவார், அவளுக்கு வயிறு எரியும். இந்தச் சுத்தியலில் அவளே முத்திரை வெட்டலாம், தேறினால் உறுப்பினர் அட்டை என்று சங்கம் வாக்குக் கொடுத்திருந்தது.

ஒரு பக்கம் அவரைக்கொடி, மறுபக்கம் தலைவரின் ஏழு பட்டங்கள், அடியில் பொடியாக அவள் முத்திரை. வெட்டி முடித்து, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தினாள். அதற்கப்புறம் எந்த உளியும் அதில் இறங்காது. அன்று சாயங்காலமே சங்கச் செயலாளர் வந்து நின்றார். அவர் புருஷனுக்குத் தாய்மாமன்.

"ஏம்மா, தலைவருக்கு இன்னிக்கு எட்டாவது பட்டம் குடுத்துட்டோம். 'உலைக்களத்து ஞாயிறு'. அதையும் போட்டுடு."

"கெட்டிப்படுத்தியாச்சு மாமா. திரும்பக் காய்ச்சி சாம்பல்ல ஆறவிட்டாத்தான் உளி இறங்கும். அதுக்கு ஒரு ராத்திரி, வெட்ட ஒரு பகலும் ராத்திரியும். மறுபடி கெட்டிப்படுத்த நேரம் ஏது? நாளன்னைக்குக் காலைல விழா."

"மெத்துன்னு இருந்தா இருக்கட்டுமே. யாரு அடிச்சுப் பாக்கப் போறா?"

"ஆணி அடிக்கத்தானே மாமா சுத்தியலு?"

"விழாவுக்கும்மா!" என்றார் செயலாளர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஆனாலும் காய்ச்சினாள், ஆறவிட்டாள், ஞாயிற்றை வெட்டினாள். பிறகு அரத்தை எடுத்துத் தன் முத்திரையைத் தானே ராவித் தள்ளினாள்.

விழாவில் எஃகு ஆணியைச் சுவரில் வைத்துத் தலைவர் மூன்று அடி அடித்தார். ஆணி அசையவில்லை. சுத்தியல் முகத்தில் மூன்று குழி விழுந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் அதைத் திருப்பிப் பார்த்து, "அடடா, அடிக்கிற பக்கத்துலகூடப் பூ வேலை!" என்றார். செயற்குழு முழுக்கத் தலையாட்டியது. இனி எல்லாச் சுத்தியலுக்கும் இப்படித்தான் என்று ஒருவர் குறித்துக்கொண்டார்.

செயலாளர் அட்டையோடு ஓடிவந்தார். "உன் முத்திரையக் காணோமே! இப்பவே வெட்டிக் குடு. விதிப்படி முத்திரை இல்லாத வேலைக்கு அட்டை கிடையாது."

அட்டையில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை.

"இதுல போட மாட்டேன் மாமா. அப்புறம் என் முத்திரையப் பாத்து யாரு சுத்தியல் வாங்குவா?"

செயலாளர் முகம் சுருங்கியது. மேடையில் தலைவர் காத்திருந்தார். செயலாளர் சட்டென்று அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "சரிடா, எப்பவும்போல உன் முத்திரையைப் போடு. வேலை முடிஞ்சுது."

அந்த மனுஷன் எப்பவும்போல நெளிந்தார். பிறகு, அவளே திடுக்கிடும்படி, உரக்கச் சொன்னார்: "நான் பிடி மட்டுந்தான் மாமா போட்டேன். இதுக்கு மட்டுமில்ல, ஆறு வருஷமா."

செயலாளர் அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகினார். அடுத்தவர் வேலையில் முத்திரை போட்டதற்கு விதிப்படி இவரை நீக்க வேண்டியிருக்கும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு தச்சர் எழுந்தார்.

"அப்ப எங்கிட்ட இவரு முத்திரையோட அஞ்சு வருஷமா ஒரு சுத்தியல் இருக்கே, ஒரு கீறல் விழாம. அத யாரும்மா செஞ்சது?"

"நாந்தாங்க" என்றாள்.