கும்பிடுபூச்சி என்ன தின்னும்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நேற்றுக் காலை என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். அதற்கு முன்னால் நடந்ததையும் இனிமேல் நடக்கப்போவதையும் எழுதிப் பார்த்தால் தெளியும் போலிருந்தது. அதனால் இன்று வேலைக்கு லீவ் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்தேழு வயதில், எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில், பகலில் குழந்தைகளைத் தூங்கவைக்கிற அதே அறையில் எழுத்துப் படித்தவன் நான். வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பந்தலூர் மலைகளின் மேல் வெண்பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த —

(அடித்துவிட்டேன். பனி தினமும்தான் இறங்குகிறது.)

அடுத்து: வனிதா என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு —

(இதுவும் சரிவரவில்லை. பெயரை மாற்றினால் எழுத லேசாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வனிதாவுக்கு அடிவயிறு வலிக்கவே மாட்டேன் என்கிறது. வலிப்பது சுப்பம்மாவுக்குத்தான்.)

2

சுப்பம்மா என் மனைவி. முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். கர்ப்பப்பையில் கட்டி. இனியும் தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கோயமுத்தூரில் ஆப்பரேஷன். நாளைக் காலை ஆறு மணிக்கு ஜீப் வரும்.

அவள் வர மாட்டேன் என்றாள். அவளுடைய அக்கா அம்சவேணி இதே கட்டிக்காகப் போய், மேசையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

பத்து நாளைக்கு முன்னால் விறகுக் கட்டோடு ஒரு கும்பிடுபூச்சி எங்கள் லயத்து வீட்டுக்குள் வந்தது. பச்சை, விரல் நீளம். சுப்பம்மா அதைத் தட்டில் விட்டு, சோற்றுக்கு மூடுகிற வலைக்கூடையால் மூடி, கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"யாரும் சொல்லாமலே எனக்காகக் கும்பிடுதுங்க. நான் வண்டி ஏறுற வரைக்கும் இது உசிரோட இருந்தா வாரேன். இல்லேன்னா என்னையக் கூப்பிடக்கூடாது."

(இந்த இடத்தில், நான் அவளை அதட்டியதாக எழுதினால் ஆம்பிளையாகத் தெரிவேன். அதட்டவில்லை. சரி என்றேன். வேறு எந்த வழியிலும் அவள் சம்மதிக்கவில்லையே.)

3

இனி அதன் சாப்பாடு.

கும்பிடுகிற பூச்சி கவிச்சி தின்னாது என்பது சுப்பம்மாவின் முடிவு. தட்டில் இருந்த கருவாட்டு வாடை போக இரண்டு தடவை கழுவினாள். பால்சோறு வைத்தாள். வாழைப்பழம் வைத்தாள். எஸ்டேட் பூச்சிதானே என்று இளங்கொழுந்தும் வைத்தாள். அது எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் வயிறு ஒட்டிப்போயிற்று.

"விரதம் இருக்குது," என்றாள். அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லை.

நாடுகாணித் தாவரத் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற, பூச்சிகளைப் பற்றித் தெரிந்த ஞானசீலனை பஸ்ஸில் பார்த்துக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

"அது கும்புடற கையில்லீங்க. புடிக்கிற கை."

உயிரோடு அசைகிறதைத்தான் தின்னும், செத்தது அதன் கண்ணுக்கே தெரியாது என்றான். ஈ, வெட்டுக்கிளி எது போட்டாலும் அதைவிடச் சின்னதாகப் போட வேண்டும். குடிக்கக் கிண்ணம் கூடாது. இலையில் பனி மாதிரித் தெளித்தால் போதும். சட்டை உரிக்கிற சமயத்தில் நாள்கணக்கில் தின்னாது, தலைகீழாகத் தொங்கும், அப்போது தொடவே கூடாது.

வந்து சொன்னேன். சுப்பம்மா தட்டில் இருந்த பால்சோற்றை வழித்து வெளியே போட்டாள். பிறகு, "சாமிக்கே கிடா வெட்டுறோம். குடுங்க," என்றாள்.

4

ஈ பிடித்துப் போட்டுப் பார்த்தேன். நாலுக்கு ஒன்றுதான் அதற்கு அகப்பட்டது, வயிறு நிறையவில்லை. வெட்டுக்கிளிக்காக அலைந்தேன். என் முட்டி மடங்குவதற்குள் அது அடுத்த செடியில் இருக்கும்.

திங்கட்கிழமை எஸ்டேட்டின் ஐந்தாம் நம்பர் மலையில் ஒன்று கிடைத்தது. கையை நீட்டினேன், குதிக்கவில்லை. இலை ஓரத்தில் உட்கார்ந்து காலை உரசிக்கொண்டிருந்தது. பூப்பறிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டேன்.

(ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். கதை எழுதுகிறவர்களின் தந்திரம் என்று நினைக்காதீர்கள், கை வரவில்லை. என் வேலை பூச்சிமருந்து அடிப்பது. இருபத்திரண்டு வருஷமாக முதுகில் டேங்க். சனிக்கிழமை ஐந்தாம் நம்பரில் அடித்ததும் நான்தான். மருந்து அடித்த இடம் என்று செடியில் சிவப்புத் துணி கட்டினதும் நான்தான். குதிக்காத வெட்டுக்கிளி ஏன் குதிக்கவில்லை என்று இந்த எஸ்டேட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் கிடையாது. தெரிந்தேதான் எடுத்தேனா? அகப்பட்ட சந்தோஷத்தில் மறந்தேனா? இந்த வரியை ஆறு தடவை எழுதினேன். ஆறு தடவையும் "மறந்தேன்" என்றே வந்தது. அதனால்தான் நம்ப முடியவில்லை.)

கூடைக்குள் விட்டேன். பூச்சி ஒரே வீச்சில் பிடித்துத் தலையிலிருந்து தின்றது. "சாப்பிடுதுங்க," என்று சுப்பம்மா என் கையைப் பிடித்தாள். அன்றைக்கு அவளும் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

5

நேற்றுக் காலை அவள்தான் என்னை எழுப்பினாள்.

"இங்க வந்து பாருங்களேன். இன்னிக்கு என்னமா உருகிக் கும்பிடுது."

பார்த்தேன். வலையில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்கை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. மருந்து பட்டது அப்படித்தான் நடுங்கும்.

சுப்பம்மாவும் அதற்கு எதிரில் கை கூப்பினாள்.

பக்கத்து வீட்டு ரோஸ்மேரி வந்து அவளைக் குளிக்கக் கூட்டிப்போனாள். திரும்பி வருவதற்குள் பூச்சி தட்டில் விழுந்து செத்துவிட்டது. கூடையின் மேல் துண்டைப் போட்டேன்.

"சட்டை உரிக்குது. ரெண்டு நாளைக்குப் பார்க்கவே கூடாதாம்," என்றேன்.

6

முடிவுகள்:

அ) வேறு பூச்சி பிடித்து வைக்கிறேன். (காலையிலிருந்து தேடியாயிற்று. கிடைத்தது ஒன்றே ஒன்று, காய்ந்த இலை நிறம். பத்து நாளாகப் பார்த்த முகத்தை அவளுக்குத் தெரியாதா?)

ஆ) உண்மையைச் சொல்கிறேன். ஜீப் காலியாகத் திரும்பிப் போகிறது. கட்டி —

இ) பொய்யோடு வண்டி ஏற்றுகிறேன். மேசையில் படுக்கும்போது, தனக்காக ஒன்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். எழுந்து வந்தால் துண்டை எடுப்பாள். எழுந்து வராவிட்டால் —

இதுவரை எழுதும்போது கட்டிலிலிருந்து கேட்டாள்:

"பூச்சி கதையா எழுதுறீங்க? வாசிங்க."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. வகுப்புக்கு நான் போன சாயங்காலங்களில் அவள்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். வாசித்தேன். விரல் ஒரு வரியில் போயிற்று, வாய் வேறொன்றைச் சொல்லிற்று. ஐந்தாம் நம்பர் மலை, ஆற்றோரம் ஆயிற்று. இந்தப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன்.

"நிப்பாட்டாதீங்க. சட்டையை உரிச்சு வெளிய வந்துச்சா, இல்லையா? சொன்னாத்தானே நான் துணிமணி எடுத்து வைக்க."

விரல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதில் வருவதை நான் மாற்றாமல் வாசிக்கிறேன், நீங்களே எழுதுங்கள். துணிப்பை அவள் மடியில் திறந்தபடி இருக்கிறது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.