சாயங்காலத்துக்குள் ஒரு காரணம்

மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓசூரில் வேலை, சொந்த வீடு, பேச்சில் மரியாதை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு தெற்றுப்பல்லாவது இருந்திருந்தால் அதைச் சாக்காக வைத்து வேண்டாம் என்றிருப்பேன்.

"வேணாம்னா வுட்டுர்லாம் ஐஸ்வர்யா. ஆனா எதுக்குன்னு ஒரு காரணம் சொல்லு. சாயங்காலம் அவங்களுக்கு நான் போன் பண்ணணும்." இதைச் சொல்லிவிட்டு அப்பா தக்காளி வண்டியில் ஏறி பாலக்கோடு மண்டிக்குப் போய்விட்டார்.

என்னிடம் காரணம் இல்லை. வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான். வாயில் வராதது கையில் வருகிறதா பார்ப்போம் என்று மாடி அறையில் கேன்வாஸை நிறுத்தினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்கென்று வரையும்போது மாம்பழமும் கிடையாது, மயிலும் கிடையாது. நிறமும் கோடும் மட்டும்தான்.

முதலில் சிவப்பு. சுத்தப் பொய். கோபம் என்றால் சிவப்பு என்று யார் சொன்னது? சுரண்டி எடுத்தேன். கறுப்பில் வளைத்து வளைத்து இழுத்தேன். கோபப்படுவதுபோல் நடிக்கிற மாதிரி இருந்தது. துடைத்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு "பசிக்கல" என்று கத்தினேன். பசித்தது.

வெயில் தாழ்ந்த பிறகு, போனால் போகட்டும் என்று கத்தரிப்பூ நிறத்தைக் குழைத்து அகலமாக ஒரே இழுப்பு இழுத்தேன். நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. அதன்மேல் வெள்ளையில் சாய்வாக ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று, முதல் கோட்டில் ஒட்டாமல். கை தானாக நின்றது. இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது. பார்க்கப் பார்க்க அழுகை வந்தது, ஏன் என்றுதான் புரியவில்லை.

அப்பா படியேறி வந்தார். படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"இத எதுக்கு வரைஞ்சு வெச்சிருக்க?"

"மனசுல வந்ததுப்பா. இதுல உருவமெல்லாம் தேடக் கூடாது."

"உருவத்த யாரு தேடுனா? இது நவநீதன் வூட்டுக் குறி."

மண்டியில் பெட்டிகள் கலந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தக்காளிப் பெட்டிகளில் பெயின்ட்டால் ஒரு குறி போடுவார்கள். எங்களுடையது பச்சை வட்டம். நவநீதன் வீட்டுடையது கத்தரிப்பூ நிறப் பட்டைமேல் சாய்வாக இரண்டு வெள்ளைக் கோடு. நவநீதன் பக்கத்துத் தோட்டத்துக்காரன். விடிகாலையில் எங்கள் பெட்டிகளையும் சேர்த்துத் தன் வண்டியில் ஏற்றுவான். பல் துலக்கிக்கொண்டே மாடியிலிருந்து பார்ப்பேன். "அப்பா இருக்காருங்களா?" என்பான். "இருக்காருங்க" என்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. தினம் கண்ணில் படுவது, கை தவறி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்பா நம்பியிருப்பார். நம்பத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

நான் தூரிகையைக் கழுவி வைத்தேன்.

"எத்தன நாளா இது? அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கே நீங்க சொன்னப்புறந்தாம்ப்பா தெரியுது."