காளை மாட்டின் நெய்

1

அன்று கோட்டை வாசலில் இருந்தவர்கள்:

சகிதாத். கலகத் தலைவன். வெளியே.
மாகுல். அவன் மனைவி. வெளியே.
கர்பலாயி நாசிர். யாத்திரை போய்வந்ததால் அந்தப் பட்டம். வயதானவர், தொண்டை மட்டும் இளசு. வெளியே.
வதூத். வரி அதிகாரி. உள்ளே.
இரண்டு சிப்பாய்கள். உள்ளே. பெயர் வைக்கச் சோம்பலாக இருக்கிறது.
ஒரு காளை. வெளியே.
ஒரு பசு. உள்ளே.
மற்றும் எல்லோருடைய தாத்தாவும்.

கடைசி வரி கிண்டல் இல்லை. இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. சோறு வருவதற்குள் ஐந்து பேருக்குச் சண்டை வந்துவிட்டது: அந்தக் காலத்து நெய்வரிக் கலகத்தில் சியாசங் கோட்டையை முற்றுகையிட்டபோது வாசலுக்கு மிக அருகில் நின்றது யாருடைய தாத்தா? ஒவ்வொருவரும் சொன்னதை நம்பினால் அந்த வாசல் அடுத்த பள்ளத்தாக்கு வரை நீள வேண்டும். யார் எந்தத் துப்பாக்கி வைத்திருந்தார், யார் என்ன வசனம் பேசினார் என்று எல்லாம் சொன்னார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பசுவை யார் கறந்தது என்று நான் கேட்டேன். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். சோறு வந்துவிட்டது.

எங்கள் மலைப்பக்கம் ஆண்கள் பால் கறப்பதில்லை. கறக்க ஒரு பெண் வேண்டும், அதனால் மாகுல் என் கற்பனை. மற்றவர்களும்தான், ஆனால் அவர்களுக்குப் பேரன்கள் இருக்கிறார்கள்.

2

தொடக்கங்கள்:

"பனி மூடிய சிகரங்களின் நடுவே, அநீதியின் இருளைக் கிழித்துக்கொண்டு ஒரு மாவீரன்..."

(வேண்டாம். இலையுதிர் காலம், பனியே விழவில்லை. சகிதாத் கிழித்ததாகத் தெரிந்த ஒரே பொருள் அவனுடைய கால்சட்டை, மதில் ஏறப் பார்த்தபோது.)

"கலகம் என்பது என்ன? வரலாற்றின் ஆழத்தில் உறங்கும்..."

(இதுவும் வேண்டாம். எனக்கே தூக்கம் வருகிறது.)

"நெய் கேட்டார்கள்."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகிறேன்.

3

நெய் கேட்டார்கள். ஒவ்வொரு கால்நடைக்கும் இவ்வளவு நெய் என்று அரசாங்கத்தில் யாரோ முடிவு செய்துவிட்டார். அவர் மாட்டை நேரில் பார்த்தவராக இருக்க முடியாது. வதூத் சகிதாத்தின் வீட்டு முன்னால் குதிரையை நிறுத்தினான்.

"என்னென்ன வச்சிருக்க?"

"ஒரு பசு சாகிப், ஒரு காளை, ஒரு கழுதை."

"மூணு. மூணுக்கும் நெய் கொண்டா."

"காளைக்குமா?"

"காளை கால்நடைதானே?"

"கால்நடைதான் சாகிப். ஆனா அது ஆம்பள."

"அது உங்க குடும்ப விஷயம். நான் தலையிட மாட்டேன்."

"அப்ப கழுதை?"

வதூத் கொஞ்சம் யோசித்தான். "கழுதை நெய் மட்டமாத்தான் இருக்கும். பரவால்ல, கலந்துக்கலாம்."

(இந்த இடத்தில் வதூத் சிரிப்பதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சிரித்தால் அவனுக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று ஆகிவிடும்.)

காளையின் நெய் வரும்வரை ஈடாக இருக்கட்டும் என்று பசுவைக் கோட்டைக்கு அவிழ்த்துக்கொண்டு போனான்.

"பசுவக் கொண்டுபோயிட்டா நெய்க்கு நான் எங்க போவேன்?" என்று சகிதாத் பின்னாலேயே ஓடினான்.

"அதான் காளை இருக்கே" என்றான் வதூத்.

கலகத்துக்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமென்றால் வேறு எழுத்தாளரைப் பாருங்கள்.

4

மறுநாள் காலை பள்ளத்தாக்கே கோட்டை வாசலில் திரண்டுவிட்டது. எல்லோர் வீட்டிலும் காளை இருந்தது. சகிதாத்தைத் தலைவனாக்கினார்கள். பேச்சு வரும் என்பதால் இல்லை, அவனுக்குத்தான் கோபம் புதுசாக இருந்தது என்பதால்.

மாகுல் வாளியோடு வந்து நின்றாள்.

"தலைவராயிட்டியாமே. பசு வந்துருச்சா?"

"வரும்."

"எப்ப?"

"கலகம் முடிஞ்சதும்."

"நேத்துக் காலைல கறந்த மடிய்யா. கத்துறது கேக்குதா? மடி கட்டிப் பால் வத்திப்போச்சுன்னா பனிக்காலம் பூரா பிள்ளைங்களுக்கு வெறும் ரொட்டிதான். உன் வீரத்தத் தொட்டுக்கச் சொல்லட்டுமா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் பசு கத்தியது. சகிதாத்துக்கும் கேட்டது.*

* முதல் வரைவில் சகிதாத் இங்கே மண்ணைக் கையில் அள்ளிச் சபதம் செய்தான். மாகுல் பார்த்த பார்வையில் மண்ணைக் கீழே போட்டுவிட்டான்.

கர்பலாயி நாசிர் சகிதாத்தின் காளையை வாசலுக்கு நேராக நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"ஏய் வதூத்! வெளிய வாடா! இந்தக் காளையக் கறந்து காட்டு! ஒரு சொட்டு வந்தாலும் வரியக் கட்டறோம்!"

மதில் மேல் ஒரு தலைப்பாகை தெரிந்தது. "கறக்கறது என் வேலை இல்ல! நான் வசூல் மட்டும்தான்!"

"அப்ப யார் கறப்பா?"

"மேலிடத்துல கேட்டு எழுதறேன்!"

சுட்டார்கள். உள்ளேயிருந்தும் சுட்டார்கள். இரண்டு பக்கமும் ஆகாயத்தைத்தான். காளை மட்டும் அசையவில்லை. இந்தக் கதையில் வீரன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் —

(இல்லை. காளையை உருவகமாக்க மாட்டேன். அது காளை.)

5

மதியம் சாப்பாடு வந்தது. பெரிய மரத்தட்டுகளில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, குரூத் என்கிற காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்து ஊற்றி, மேலே கொதிக்கும் நெய். புளித்த தயிரும் நெய்யும் சேர்ந்த அந்த வாசனைக்கு மதில் ஒரு பொருட்டில்லை.

அடுத்து நடந்ததைத்தான் அந்த ஐந்து தாத்தாக்களின் பேரன்களும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதனால்தான் எனக்குச் சந்தேகம். ஆனாலும் எழுதுகிறேன். எங்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு இது.

தட்டில் கை வைக்கும் முன் கண்ணுக்கு எட்டிய ஆளை எல்லாம் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடாமல் தின்பவன் மனுஷனே இல்லை. கர்பலாயி பிறந்ததிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டார். முகம் கோட்டைப் பக்கம் இருந்தது. அவர் சத்தமாகச் சொன்னார்:

"பிஸ்மில்லா! வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்!"

எல்லோர் கையும் பாதியில் நின்றது.

"பெரியப்பா, யாரக் கூப்பிட்டீங்க?" என்றான் சகிதாத்.

"யாரையும் இல்லடா. வாய்ப் பழக்கம்."

மதில் மேலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது. "என்னையா?"

சகிதாத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இல்லன்னு சொல்லுங்க பெரியப்பா."

"எப்படிடா சொல்வேன்? சோத்துக்குக் கூப்பிட்டுட்டு இல்லன்னா சொல்வாங்க?" கர்பலாயி மேலே பார்த்தார். "ஆமாங்க சாகிப். உங்களத்தான். ஆறிடும், சீக்கிரம் வாங்க."

கதவு திறந்தது. வதூத் வந்தான். பின்னாலேயே இரண்டு சிப்பாய்களும். சாப்பாட்டு விரிப்புக்கு ஆயுதம் கொண்டுவருவது அசிங்கம் என்பதால் துப்பாக்கிகளைக் கதவுக்கு உள்ளேயே சாத்தி வைத்துவிட்டு வந்தார்கள். நல்ல வளர்ப்பு.

6

வதூத்தைப் பற்றி ஒரு சந்தேகம். நான் அவனை வில்லனாகத்தான் திட்டமிட்டேன். கையில் சவுக்கு கூடக் கொடுத்திருந்தேன். ஆனால் முதல் கவளம் வாய்க்குள் போனதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் வசூலித்த நெய்யில் ஒரு கரண்டி கூட அவன் ரொட்டியில் விழுந்ததில்லை போலிருக்கிறது. சவுக்கைப் பிடுங்கிவிட்டேன். நீங்கள் பரிதாபப்பட வேண்டாம். பசு இன்னும் உள்ளேதான் கத்திக்கொண்டிருக்கிறது.

"நெய்யே இல்லன்னீங்களே?" என்று விரலை நக்கியபடி கேட்டான்.

"வரிக்கு இல்ல சாகிப்" என்றான் சகிதாத். "விருந்துக்கு எப்பவும் இருக்கும்."

"இது ஏமாத்து வேலை."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ஊத்து."

இங்கே கதை மாட்டிக்கொண்டது. ரொட்டி தின்றவன் விருந்தாளி. விருந்தாளியைத் தொட முடியாது. விருந்தாளி கலகத்தின் நடுவே உட்கார்ந்து மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிடுகிறான். முடிவுகளை யோசித்தேன்.

அ) சகிதாத் வாளை உருவி —
முடியாது. விருந்தாளியை வெட்டிய வீட்டில் அப்புறம் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

ஆ) நெய்யின் ருசியில் வதூத்தின் மனம் உருகி, வரியை ரத்து செய்கிறான்.
நெய்தான் உருகும். அதிகாரி உருகி நான் பார்த்ததில்லை.

இ) பட்டாளம் வருகிறது.
வரும். எப்போதும் வரும். ஆனால் கணவாயைத் தாண்டி வர நாள் பிடிக்கும். எனக்கு அவ்வளவு காகிதம் இல்லை.

நான்காவதை யோசித்துக்கொண்டிருந்தபோது மாகுல் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டாள்.

7

வாளியை எடுத்துக்கொண்டு நேராகக் கதவை நோக்கி நடந்தாள். வாய் நிறைய ரொட்டியோடு ஒரு சிப்பாய் நிமிர்ந்தான்.

"எங்கக்கா போறீங்க?"

"கறக்க. நீ கறக்கறியா?"

சிப்பாய் மறுபடி தட்டைப் பார்த்தான்.

"ஏம்மா, விருந்தாளி இருக்கும்போது..." என்று கர்பலாயி ஆரம்பித்தார்.

"எனக்கு அவர் விருந்தாளி இல்ல பெரியப்பா. உங்க வாய்தான் கூப்பிட்டுது. நான் கூப்பிடவும் இல்ல, சாப்பிடவும் இல்ல."

உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பசு கத்துவதை நிறுத்தியது. வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது. சகிதாத் அப்போதுதான் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தான்.

"கறந்ததும் வந்துருவாங்கல்ல?" என்றான் வதூத். கையெல்லாம் நெய், அதனால் எழ முடியவில்லை.

"தெரியல சாகிப்."

எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். "பசுவை ஓட்டிக்கொண்டு மாகுல் வெளியே வந்தாள்" என்று எழுதியும் வைத்திருந்தேன். அவள் வாசல் வரை வந்தாள். பசு இல்லாமல். பின்னால், முற்றத்தில், பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் எடுத்த நெய் ஜாடி ஜாடியாக நின்றது. பக்கத்தில் இரண்டு துப்பாக்கிகள். அவள் புருஷனைப் பார்த்தாள், விருந்தாளியைப் பார்த்தாள். நான் எழுதி வைத்திருந்த வாக்கியத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவள் என்ன நினைத்தாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். பட்டாளம் வருவதற்குள் அந்த நெய்யை வைத்து அவள் என்ன பேரம் பேசினாள், எப்போது வெளியே வந்தாள், வந்தாளா, எல்லாம் இனி உங்கள் பொறுப்பு. போய்த் தட்டிப் பாருங்கள். எனக்குத் திறக்கவில்லை.

"அம்மா! அது அரசாங்கக் கோட்டை!" என்று வதூத் ஒருவழியாக எழுந்தான்.

"சாப்பிடுங்க சாகிப், ஆறுது" என்றாள் மாகுல். கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி திரும்பியது.