வீட்டுக்கு ஒருவர்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாக்குமூலம் லோயரின் மேசையில் இருக்க வேண்டும். அது போகாவிட்டால் என் புருஷனின் அகதி மனுவை மறுத்ததற்கு அப்பீல் இல்லை. அப்பீல் இல்லையென்றால் எங்களுக்கு லண்டனும் இல்லை. அதற்கு முந்திய ஞாயிறு காலை என் புருஷன் பரமேஸ்வரன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறீர்கள்? லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டின் முன்னறையில் குந்தியிருந்து, என் பழைய சேலையைக் கிழித்துத் தடித்த சட்டை ஒன்றுக்குள் அடைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து ஏழைப் படைவீரனுக்கு இரும்புக் கவசம் கட்டுப்படியாகாதாம், இதுதான் கவசமாம்.

எனக்கு மண்டை கொதித்தது. ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று லோயர் அம்மா எட்டு மாதமாகக் கேட்கிறார். இவர் "பிரச்சினை" என்பார். என்ன பிரச்சினை என்றால் வாயில் கொழுக்கட்டை. பிரச்சினை எல்லாருக்கும்தான், உங்களுக்கு என்ன நடந்தது என்று தமிழிலாவது எழுதித் தாருங்கள் என்று அந்த மனிசி கெஞ்சிவிட்டார். எனக்கும் தெரியாது. எங்கள் கலியாணம் நடந்தது மூன்று வருடத்துக்கு முன்பு, தொண்ணூற்றொன்றில், லண்டனில். ஒரு தம்பி இருந்து செத்துப்போனான் என்பது தெரியும். அவன் படம் சாமித்தட்டில் இருக்கிறது. அவனைப் பற்றிக் கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

ஆனால் அறுநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துப் படையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வாய் ஓயாது. பதினாறிலிருந்து அறுபது வயது வரை ஆம்பிளைகளின் பெயரை ஊர் ஊராக எழுதுவார்களாம். வசதிக்கு ஏற்றபடி ஆயுதம் வைத்திருக்க வேண்டுமாம். சண்டையில் வில்லாளி அம்புகளைக் காலடியில் மண்ணில் குத்தி வைத்துக்கொண்டு எய்வானாம். ஞாயிறுதோறும் வில் பழக வேண்டும் என்பது ராசாவின் கட்டளையாம். ராசா செத்து எத்தனை காலம், இவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈலிங் அம்மன் கோயிலுக்கு வருவதில்லை. எல்லாம் பிஸ்கட் பக்டரியில் கூட வேலை செய்யும் டெரிக், பழைய சண்டைகளை வேடம் கட்டி நடித்துக்காட்டும் குழுவில் இவரைச் சேர்த்துவிட்ட கூத்து.

விடக்கூடாது என்று காகிதத்தையும் பேனையையும் ஹாண்ட்பாக்கில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் பிடித்து எழுதுவிப்பதாகத் திட்டம்.

பூங்காவில் நூறு பேர் வரை வேடிக்கை பார்க்க நின்றார்கள். முதலில் ஆள் சேர்க்கும் காட்சி. டெரிக் அரச அதிகாரி. சுருளை விரித்து, வீட்டுக்கு ஒருவர் படைக்கு வர வேண்டும் என்று வாசித்தான். ஒவ்வொருவராக முன்னே வந்து வில்லைக் காட்டினார்கள். என் புருஷனுக்கு அந்தக் காட்சியில் வில்லியம் என்று பெயர். வில்லியம் என்று கூப்பிட்டான். இவர் அசையவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டான். சனம் நடிப்பென்று நினைத்துச் சிரித்தது. வர ஏலாவிட்டால் உனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பு என்று டெரிக் அதட்டினான். அதுவும் காட்சியில் உள்ள வசனம்தான். இவர் வில்லைப் புல்லில் வைத்துவிட்டு நடந்துபோய்விட்டார்.

தேநீர் விற்கும் வண்டிக்குப் பின்னால் இருந்தவரைக் கண்டுபிடித்தேன். கண்டதும் எட்டு மாதத்து எரிச்சலையும் கொட்டினேன். இந்தக் கூத்தையாவது ஒழுங்காக ஆட ஏலாதா, நாளைக்கு லோயரிடம் எந்த முகத்தோடு போவது என்று கத்தினேன். அவர் சட்டையின் தையலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரில எங்கட வீட்டையும் இயக்கக்காரர் வந்தவை," என்றார். "வீட்டுக்கு ஒராள் எண்டு. கொப்பியில என்ர பேர்தான் இருந்தது. நான் வீட்டுப் பின்கோடிக்குள்ள ஒளிச்சிருந்தனான். அண்ணை இல்லை, நான் வாறன் எண்டு தம்பி வெளிக்கிட்டவன். பதினேழு வயது. மூண்டு மாதத்தால செய்தி வந்தது."

 அதைக் கேட்டும் எனக்குக் கோபம்தான் வந்தது. இதைத்தானே அந்த மனிசி எட்டு மாதமாகக் கேட்டார், ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா விசா கிடைக்கும் ராஜி. இன்னொருக்காலும் அவனை எனக்குப் பதிலா அனுப்பச் சொல்லுறியோ?"

அங்கே சண்டைக்குக் கொம்பு ஊதினார்கள். டெரிக் எட்டிப் பார்த்தான், நான் கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். அழுகை வந்தது, அதையும் எரிச்சலாகவே காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, உங்களைத் திருப்பிப் பிளேனில ஏத்தினா, அந்தப் பிள்ளை போனது ஆருக்கு?"

 அவர் தையலை விட்டுவிட்டுக் கையை நீட்டினார். பேனையைக் கொடுத்தேன். வில்லாளி ஒருவர் குறைவாகவே அங்கே சண்டை நடந்தது. பிய்ந்த சட்டையோடு, என் ஹாண்ட்பாக்கை மடியில் வைத்து அதன்மேல் காகிதத்தை விரித்து அவர் எழுதினார்.

என் தம்பியின் பெயர் பாஸ்கரன்.