ஸப்ரியின் சல்யூட்

மாத்தளை மாவட்டத்திலேயே ஸப்ரியளவு கம்பீரமாக நடப்பவர் எவருமில்லை. இரண்டு சொந்தக் கால்கள் உள்ளவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். இதற்குச் சாட்சி ஸப்ரியே.

அவனுடைய இடது கால், முழங்காலுக்குக் கீழே, இராணுவம் கொடுத்தது. சொந்தக் காலை மிதிவெடி எடுத்துக்கொண்டது. அதன் பிறகு தம்புள்ளைச் சந்தையில் வெங்காய மூட்டை தூக்கினான். இப்போது வெட்டுக்கால் புண்ணாகி, காலுறை தினமும் இரத்தத்தில் நனைகிறது. தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றப் பழகினால் உட்கார்ந்தே பிழைக்கலாம். ஊனமுற்ற படைவீரர்களுக்கு அந்தப் பயிற்சி இலவசம்.

அதற்கான முதல் நேர்முகத்தில் நடுநாற்காலியில் ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் இருந்தார். கண்டதும் பழைய பழக்கம். செயற்கைக் காலைத் தரையில் ஓங்கி அறைந்து ஒரு சல்யூட் வைத்தான் ஸப்ரி. தேநீர்க் கோப்பைகள் ஆடின. மேஜர் நெகிழ்ந்துபோய்ப் பதில் சல்யூட் வைத்து, 'எந்த வேலைக்கும் தகுதியானவர், பயிற்சி அவசியமில்லை' என்று எழுதிவிட்டார்.

இன்று மேன்முறையீடு. இதிலும் இல்லையென்றால் வெங்காயம்தான்.

"இண்டைக்காவது அந்தப் பொய்க்கால வீட்டுல வெச்சிட்டு வாங்களே," என்றாள் மனைவி றிஸ்மியா, பல்லேபொல பஸ்ஸில்.

"பிச்சக்காரன் மாதிரியா? எனக்கு நடிக்க ஏலாது."

அலுவலக வாங்குப் பலகையில் வில்கமுவ ஊர் அபேகோன் உட்கார்ந்திருந்தான். அவனும் பழைய சிப்பாய்தான். செயற்கைக் கால் பைக்குள், ஊன்றுகோல் கையில். ஸப்ரி சிங்களத்தில் ஆரம்பித்தான்.

"என்ன மச்சான், நாடகம் எத்தன மணிக்கு?"

அபேகோன் கோபப்படவில்லை. "வீட்டுல கால கழட்டினா, கக்கூஸுக்கு எப்பிடிப் போற நீ?"

ஸப்ரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். றிஸ்மியா முந்திக்கொண்டாள்.

"செவரப் புடிச்சிட்டுத்தான். போகவர எனக்கு ஏச்சு."

"செவரப் புடிக்கிற அந்தாள உள்ளுக்கு இரிக்கிறவங்க இன்னும் காணல்லையே," என்றான் அபேகோன்.

ஸப்ரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சேர்ட்டை இழுத்துவிட்டு, இரண்டடி அழகாக நடந்தான். நின்றான். திரும்பி வந்து உட்கார்ந்து, காற்சட்டையைச் சுருட்டிப் பட்டிகளை அவிழ்த்தான்.

"புடி. கீழ வெக்காத," என்று காலை றிஸ்மியாவின் மடியில் வைத்தான்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, அவளை வாய்க்குள் ஏசியபடியே, நொண்டி நொண்டி உள்ளே போனான்.