நான்காம் ரோலரின் சாய்வு

கொழுந்து அரைக்கும் நான்காம் ரோலர் மறுபடியும் மஞ்சளுக்கு வந்துவிட்டது. சிவசக்தி கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை என்றால் மெசின் நலம். மஞ்சள் என்றால் அதிர்வு கூடுகிறது, கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். மெக்கானிக் ஹஸீப் அந்த ரோலரைப் பிரித்து, புது பேரிங் போட்டு, மட்டம் பார்த்துப் பூட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

தகரக் கூரையில் மழை இரைந்தது. கார்த்திகை பிறந்ததிலிருந்து ஓயாத மழை. மடுல்சீமைப் பாதையில் மண் சரிந்து, பசறையிலிருந்து வரும் பஸ் பாதி வழியோடு திரும்பிக்கொண்டிருந்தது.

சிவசக்தி இதே கூம்புமலைத் தோட்டத்தில், தொழிற்சாலைக்குக் கீழே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அவள் படித்து முடித்து வந்த நேரம், கம்பனி தொழிற்சாலையின் எல்லா மெசின்களிலும் சென்சர் பூட்டிக்கொண்டிருந்தது. அவற்றைக் கவனிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. எந்த மோட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எந்த பேரிங் தேய்கிறது, ட்ரையர் எவ்வளவு விறகு தின்கிறது, எதைப் பழுதுபார்த்தால் போதும், எதைக் கழற்றி உருக்கக் கொடுக்க வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மெசினின் கதையும் அவள் கணினியில் இருந்தது. பழைய இரும்புக்குப் போகவிருந்த நான்காம் ரோலரை, தேய்ந்த பாகங்களை மட்டும் மாற்றி இன்னும் பல வருடம் ஓட்டலாம் என்று எடுத்துக் காட்டியவளும் அவள்தான். தோட்ட மனேஜர் துரை எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

அதன் பிறகு ஆடிக் காற்று வந்தது. ஊவாவின் நல்ல தேயிலை கிடைக்கிற அந்தச் சில வாரங்களில் மெசின் நிற்கவே கூடாது. அப்போது பார்த்து ட்ரையர் ஃபேன் சிவப்புக் காட்டியது. அவள் பதறிப்போய் நிறுத்தச் சொன்னாள். ஹஸீப் முழுவதும் பிரித்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் புதுசு போல இருந்தது. சென்சர் வயரைத்தான் எலி கடித்திருந்தது. மாடியில் வாட்டிப் போட்டிருந்த கொழுந்து அத்தனையும் கெட்டுக் குப்பைக்குப் போயிற்று. துரை சத்தம் போடவில்லை. "இனி எதுவா இருந்தாலும் முதல்ல டீமேக்கர்கிட்ட சொல்லு. நீயா நிறுத்தாத" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து திரையில் மஞ்சளைக் கண்டாலே முதலில் வயரைத்தான் போய்ப் பார்ப்பாள்.

மத்தியானம் ஐந்தாம் ரோலரும் மஞ்சளானது. கொஞ்ச நேரத்தில் ட்ரையர் மோட்டரும்.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் செல்வரத்தினம், சாவகச்சேரியிலிருந்து வந்து மலையிலேயே தலை நரைத்தவர். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"மூண்டும் ஒரே நாளில பழுதாப் போகுமோ பிள்ளை? ஈரம் பிடிச்சிருக்கும். இந்தக் குளிருக்கு என்ர முழங்காலே வேலை செய்யேல்லை. உம்மட சென்சர் எங்க வேலை செய்யப்போகுது?"

அவள் சிரிக்க முயன்றாள். ஈரமாகவே இருக்கட்டும் என்றுதான் அவளுக்கும் ஆசை. ஆனால் மனம் கேட்கவில்லை. பச்சையில் இருந்த ஒன்றாம் ரோலரின் சென்சரைக் கழற்றி நான்காவதில் பூட்டினாள். நான்காவதில் இருந்ததை ஒன்றில் பூட்டினாள். பழுது சென்சரில் என்றால் மஞ்சள் ஒன்றாம் ரோலருக்குப் போக வேண்டும். படியேறி வந்து திரையைப் பார்த்தாள். ஒன்று பச்சையாகவே இருந்தது. நான்கு மஞ்சளாகவே இருந்தது.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மலைப் பக்கம் இருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று ரோலர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு, ஐந்து, ட்ரையர் மூன்றும் பள்ளத்துப் பக்கச் சுவரோரம் இருப்பவை. அந்தச் சுவருக்கு நேர் கீழே லயம். அங்கே அவள் அம்மா ஜெயலெட்சுமியும், பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு இருக்கும் தங்கை துஷாந்தினியும்.

அவள் ஹஸீபைத் தேடி ஓடினாள். அவர் ஏற்கெனவே நான்காம் ரோலரின் அடியில் ரசமட்டத்தை வைத்துக் குனிந்திருந்தார்.

"தங்கச்சி, இங்க பாருங்க. நான் பூட்டக்குள்ள குமிழி நட்ட நடுவுல நிண்டிச்சி. இப்ப எங்க போய் நிக்குது?"

"போல்ட் தளந்திருக்குமா நானா?"

"எல்லாத்திலயும் ஸ்பெனர் போட்டுப் பாத்திட்டேன். ஒண்ணும் அசையல்ல."

சிவசக்தி ரசமட்டத்தை வாங்கி, மெசினை விட்டு விலகி, வெறும் சிமெந்துத் தரையில் வைத்தாள். குமிழி அதே பக்கம் ஓடியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெசின் சாயல நானா," என்றாள் அவள். "தரை சாயுது."

இருவரும் மழையில் பின்பக்கம் போனார்கள். தொழிற்சாலைக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, புல் வாய் பிளந்தது போல ஒரு வெடிப்பு நீளமாக ஓடியிருந்தது. ஹஸீப் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போயிற்று. அதைவிட அவளைப் பயமுறுத்தியது மலைத் தண்ணீரை வடிக்கும் பெரிய கான். இத்தனை மழைக்கும் அதில் தண்ணீர் ஓடவில்லை. வந்த தண்ணீரெல்லாம் எங்கோ மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

செல்வரத்தினம் குடையோடு வந்து பார்த்தார். துரை பதுளைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் எடுபடவில்லை. அனர்த்த உதவி நிலையத்துக்குப் போன் அடித்தபோது, பாதை திறந்ததும் ஆள் வரும், அபாயம் தெரிந்தால் அதுவரை காத்திருக்காமல் விலகிவிடுங்கள் என்றார்கள்.

"சேர், மெசின நிப்பாட்டிட்டு ஆளுங்கள வெளியேத்தணும்."

"மாடி முழுக்கக் கொழுந்து கிடக்குது பிள்ளை. துரையிட்ட ஒரு சொல்லுக் கேக்காமல்..."

"போன தடவ நான் சொன்னது பிழைதான் சேர். இந்தத் தடவையும் பிழையா இருக்கலாம்." "பிழையாவே இருக்கட்டும் சேர். என்னைய வேலைய விட்டு நிப்பாட்டட்டும்."

அவர் வெடிப்பையும் கீழே தெரிந்த லயக் கூரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடையை மடக்கினார்.

"ஏச்சு விழுந்தா ரெண்டு பேருமாச் சேர்ந்து வாங்குவம். ஹஸீப், சங்கை ஊதும்."

ஊதாத நேரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் லயத்து வாசல்களில் தலைகள் தெரிந்தன. மலையிலிருந்து கொழுந்துக்காரர்கள் கூடையோடு இறங்கி ஓடி வந்தார்கள். மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. போன வருடமும் இப்படி ஏற்றிவிட்டு, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவர்கள் அவர்கள்.

துஷாந்தினி தங்கள் ஒற்றை அறைக் காம்பராவை விட்டு நகர மறுத்தாள்.

"இந்த மழையில பச்சப்புள்ளைய எங்க கொண்டு போறது? உனக்கென்னக்கா, நீ பெத்தா தெரியும்."

சிவசக்திக்குச் சுருக்கென்றது. குழந்தையைச் சேலைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தாள். துஷாந்தினி திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது மழை விட்டு வெயிலும் அடித்தது. கீழே தொழிற்சாலை எப்போதும் போல நின்றது. லயமும் நின்றது. பள்ளிக்கூட வாங்குப் பலகையில் படுத்து முதுகு வலித்தவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசிக் காம்பரா அழகையா நேராகவே கேட்டார்:

"கம்ப்யூட்டர பாத்து சாஸ்திரம் சொல்றியாம்மா? எம் மாடு ராவெல்லாம் கத்திக்கிட்டு கெடக்கு. பால் கறக்க வேணாமா?"

பதுளையிலிருந்து துரையின் அழைப்பு வந்தது. செல்வரத்தினம் எழுந்து நின்று பேசினார். "ஓம் சேர். கொழுந்து முழுக்கப் போச்சுது... இல்லை சேர், அந்தப் பிள்ளை இல்லை. நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்." போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பவில்லை.

சிவசக்தி வராந்தாவின் கோடியில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், போனோடு உட்கார்ந்தாள். கரண்டை நிறுத்தியிருந்தாலும் சென்சர்கள் பேட்டரியில் உயிரோடிருந்தன. மெசின் ஓடாததால் அதிர்வு இல்லை. அவை எந்தப் பக்கம் எவ்வளவு சரிந்து நிற்கின்றன என்பதை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தன. ஓடும் மெசினின் ஆட்டத்தில் இதுவரை மறைந்திருந்த எண் அது. முதல் நாள் மாலையிலிருந்து அதை வரைந்து பார்த்தாள். கோடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. எல்லாரும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்த நேரமெல்லாம் நடந்துகொண்டேதான் இருந்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால் யார் கேட்பார்கள்? கைப்பேசியை மூடினாள். உடனே திறந்தாள். கோடு சட்டென்று செங்குத்தாக எழும்பியிருந்தது.

அவள் எழுந்து பார்த்தபோது வாங்குகளில் பாதி காலியாக இருந்தன. ஆண்கள் சிலர் பானை சட்டி எடுக்க இறங்கிவிட்டிருந்தார்கள். அம்மாவின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"துஷா எங்கம்மா?"

"புள்ளத்துணி ஒண்ணும் காயல. வெயிலடிக்குதேன்னு எடுத்தார போனா."

சிவசக்தி ஓடினாள். சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். "வெளிய வாங்க! எல்லாரும் மேல வாங்க!" என்று அவள் கத்திய கத்தலில் ஹஸீபும் பின்னால் ஓடி வந்தார். சிலர் அவள் முகத்தைப் பார்த்ததுமே பானையைப் போட்டுவிட்டு மேட்டை நோக்கி ஓடினார்கள். துஷாந்தினி காம்பராவுக்குள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இப்ப..."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். துணிகள் வாசலெல்லாம் சிதறின. லயத்துக் கோடியில் அழகையா மாட்டின் கயிற்று முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். ஹஸீப் அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கினார். கிழவர் அவர் முதுகில் குத்தினார். "விடுய்யா! மாட்ட அவுத்துக்கிறேன், விடுய்யா!"

மேட்டில் பாதி ஏறியபோது காலுக்குக் கீழே தரை உறுமியது. லொறி ஒன்று வருகிறது என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தபோது தொழிற்சாலையின் பள்ளத்துப் பக்கச் சுவர் மெதுவாக வெளியே குனிந்தது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் போயிற்று. சுவர், தகரம், சுவரோரத்து இரண்டு ரோலர்கள், ட்ரையர், அவற்றோடு பக்கத்துச் சரிவிலிருந்து தேயிலைச் செடிகளோடு மண். லயத்தின் கோடிக் காம்பராக்கள் சேற்றுக்குள் மறைந்தன. மாட்டின் சத்தம் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆள் எண்ணினார்கள். ஒருமுறை எண்ணியது போதாமல் திரும்பத் திரும்பப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லாரும் இருந்தார்கள். துஷாந்தினி குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். சிவசக்திக்கு அழுகை வரவில்லை.

துரை வந்து சேர்ந்தபோது சரிவின் விளிம்பில் நெடுநேரம் நின்றார். அவளிடம் வந்து, "நீ நல்லா பாத்திருக்க" என்றார். அழகையா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாட்டுக்காக மனசுக்குக் கஷ்டமா இருக்கு தாத்தா."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. ராவெல்லாம் கத்துச்சே. நாந்தான் பாலுக்குக் கத்துதுன்னு நெனச்சேன்" என்றார்.

மண்ணைச் சோதித்த அதிகாரிகள் அந்தச் சரிவில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்றார்கள். தைப்பொங்கலைப் பள்ளிக்கூட முற்றத்திலேயே வைத்தார்கள். பிறகு தோட்டத்தின் மறுபக்கம் தகரக் கொட்டில்கள் போட்டுக் குடும்பங்களை அனுப்பினார்கள். மலைப் பக்கத்துத் தரையோடு தப்பி நின்ற மூன்று ரோலர்களையும் ஹஸீபும் சிவசக்தியும் பாகம் பாகமாகச் சோதித்து, தெமோதரைப் பக்கம் கம்பனியின் இன்னொரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். புதைந்தவற்றைத் தோண்டி எடுத்தபோது, நல்ல கியர்களைக் கழற்றி உதிரிக்கு வைத்தார்கள். மிச்சம் உருக்கப் போயிற்று. நான்காம் ரோலரின் கதையைக் கணினியில் முடித்து வைக்கும்போது, காரணம் என்ற இடத்தில் 'நிலம்' என்று எழுதினாள்.

அவளையும் தெமோதரைக்கே மாற்றினார்கள். மழைக்கு இருட்டினால் துஷாந்தினியின் அழைப்பு வரும்.

"அக்கா, இங்க எப்புடி இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"அங்க ஒண்ணும் பூட்டலடி. நான் எத பாத்து சொல்றது?"

"அப்ப நாங்க எப்புடித் தூங்குறது?"

கொட்டில் இருக்கும் மேட்டிலும் சென்சர் பூட்டித் தரும்படி செல்வரத்தினம் மூலமாகக் கம்பனியைக் கேட்டிருந்தாள். பார்க்கலாம் என்றிருந்தார்கள். அவர்கள் பார்க்கும்வரை ஞாயிறு தோறும் பஸ் பிடித்துப் போனாள். ஹஸீப் பசறையில் ஏறிக்கொள்வார். இருவரும் கொட்டில்களுக்கு மேலே ஏறி, வெடிப்பு ஏதும் தெரிகிறதா என்று செடிகளுக்கிடையில் குனிந்து குனிந்து நடப்பார்கள். கீழே துஷாந்தினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் இறங்கி வரும்வரை அண்ணாந்து பார்த்தபடியே நிற்பாள்.